அஞ்சு ஹெச்.பி. என்றால் எந்த மோட்டார்?

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் சாமை உடைக்கும் மெஷினோ மாவு மில்லோ வைத்திருப்பவர்களுக்கு மோட்டார் எரிந்துபோவது பாதிக் கஷ்டம்தான். மீதிப் பாதி மாற்று மோட்டாரால் வருகிறது. போளூருக்கு இறங்கியோ ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூருக்குப் போயோ ஒன்றை வாங்கி, வண்டி பேசி மலையேற்றி, பேஸ் மேல் தூக்கி வைக்கிறார்கள். போல்ட் துளைகள் சேருவதில்லை. பழைய புல்லி புது ஷாஃப்டில் ஏறுவதில்லை, அல்லது லொடலொடவென்று ஆடுகிறது. அன்றைய நாள் போயிற்று. மறுநாள் லேத் தேடி மறுபடி கீழே இறங்க வேண்டும். அதற்குள் அறுவடைச் சாமை மூட்டை மூட்டையாகத் திண்ணையில் அடுக்கியிருக்கும்.

இப்படி மாட்டிக்கொண்ட ஒரு மில்லுக்கு நான் போயிருக்கிறேன். எரிந்தது அஞ்சு ஹெச்.பி. மோட்டார். கடையில் போய் அஞ்சு ஹெச்.பி. என்றுதான் கேட்டார்கள். கடைக்காரரும் அஞ்சு ஹெச்.பி.தான் கொடுத்தார். இரண்டு பக்கமும் பொய் இல்லை. ஆனால் வந்து இறங்கிய மோட்டார் ஒரு சுற்றுப் பெரியது. பழையதன் ஷாஃப்ட் 28 மில்லிமீட்டர், புதியதன் ஷாஃப்ட் 38. பேஸில் துளைகளுக்கு இடையே குறுக்கே 190 இருந்தது, புது மோட்டாரின் காலில் 216. நேம் பிளேட்டைத் துடைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பழையது 1440 ஆர்.பி.எம்., புதியது 960.

கடையில் கேட்க வேண்டியிருந்தது மூன்று விஷயங்கள்: எத்தனை ஹெச்.பி., எத்தனை ஆர்.பி.எம்., எந்த பிரேம். மூன்றில் ஒன்றை மட்டும் சொன்னதால் வந்த வினை இது. ஹெச்.பி.யை எல்லோரும் அறிவார்கள். ஆர்.பி.எம்.மைச் சிலர் கேட்பார்கள். பிரேம் எண்ணைப் பற்றி மில்காரர்களிடம் யாரும் சொல்வதே இல்லை. அதனால் இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான்.

பிரேம் எண் என்பது ஒரு உயரம்

நேம் பிளேட்டில் ‘பிரேம்’ என்ற இடத்தில் 90எல், 100எல், 112எம், 132எஸ் என்பதுபோல ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். கம்பெனிக்காரர்கள் தங்கள் மாடலுக்கு வைத்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அந்த எண் ஒரு அளவு. மோட்டாரைச் சமதரையில் வைத்தால், காலின் அடிப்பரப்பிலிருந்து ஷாஃப்டின் நடுமையம் வரை உள்ள உயரம் எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் பிரேம் எண். 112 என்றால் 112 மில்லிமீட்டர். ஸ்கேல் வைத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பின்னால் வரும் எழுத்து காலின் நீளத்தைச் சொல்கிறது. எஸ் என்றால் குட்டை, எம் என்றால் நடுத்தரம், எல் என்றால் நீளம். 132எஸ், 132எம் இரண்டுக்கும் உயரம் ஒன்று, ஷாஃப்ட் ஒன்று, குறுக்குத் துளை அளவும் ஒன்று. ஷாஃப்டின் போக்கில் முன்துளைக்கும் பின்துளைக்கும் உள்ள தூரம்தான் வேறு: எஸ்ஸில் 140, எம்மில் 178.

உயரம் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. 112எம் என்று எந்தக் கம்பெனி எழுதினாலும், கோவையில் செய்திருந்தாலும் ஜெர்மனியில் செய்திருந்தாலும், காலின் துளைகள் 190-க்கு 140, ஷாஃப்ட் 28 தடிமன், 60 நீளம். உலக அளவில் ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இதை வகுத்தது. நம் நாட்டில் கால் வைத்த த்ரீ பேஸ் மோட்டாருக்கு ஐ.எஸ். 1231 என்ற இந்தியத் தர நிர்ணயமும், பிளேஞ்ச் வைத்ததற்கு ஐ.எஸ். 2223-யும் அதே வழியில் போகின்றன.

கோவையில் 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். அந்தக் காலத்து மோட்டார் ஒன்று பழுதானால் அதே பட்டறையின் மோட்டாரைத்தான் தேட வேண்டும், அல்லது பேஸையே மாற்றிக் கட்ட வேண்டும். இன்று ஒரு கம்பெனி மோட்டாரைக் கழற்றிய இடத்தில் இன்னொரு கம்பெனி மோட்டாரை நான்கு போல்ட்டில் உட்கார வைக்க முடிகிறது. மலைமேல் மில் வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவியை எந்தத் தர நிர்ணயமும் செய்ததில்லை என்று நினைக்கிறேன். கீழே கடையில் எந்தக் கம்பெனி இருக்கிறதோ அதை வாங்கலாம். பிரேம் எண் மட்டும் பொருந்தினால் போதும்.

கீழே உள்ள அளவுகள் 1440 ஆர்.பி.எம். வரிசை மோட்டார்களுக்கு, அதாவது நான்கு போல் மோட்டார்களுக்கு. மலை மில்களில் பெரும்பாலும் இருப்பது இவைதான். எல்லாம் மில்லிமீட்டரில். துளை என்பதில் முதல் எண் குறுக்கே, இரண்டாவது ஷாஃப்டின் போக்கில்.

பிரேம் 80: துளை 125 × 100, ஷாஃப்ட் 19, நீளம் 40, 1 ஹெச்.பி.
பிரேம் 90எஸ்: துளை 140 × 100, ஷாஃப்ட் 24, நீளம் 50, 1.5 ஹெச்.பி.
பிரேம் 90எல்: துளை 140 × 125, ஷாஃப்ட் 24, நீளம் 50, 2 ஹெச்.பி.
பிரேம் 100எல்: துளை 160 × 140, ஷாஃப்ட் 28, நீளம் 60, 3 ஹெச்.பி.
பிரேம் 112எம்: துளை 190 × 140; ஷாஃப்ட் 28, நீளம் 60; 5 ஹெச்.பி.
பிரேம் 132எஸ்: துளை 216 × 140, ஷாஃப்ட் 38, நீளம் 80, 7.5 ஹெச்.பி.
பிரேம் 132எம்: துளை 216 × 178, ஷாஃப்ட் 38, நீளம் 80, 10 ஹெச்.பி.
பிரேம் 160எம்: துளை 254 × 210, ஷாஃப்ட் 42, நீளம் 110, 15 ஹெச்.பி.

புது நேம் பிளேட்களில் ஹெச்.பி.க்குப் பதில் கிலோவாட் மட்டும் இருக்கலாம். ஒரு ஹெச்.பி. 0.746 கிலோவாட். 2.2 என்றால் மூன்று ஹெச்.பி., 3.7 என்றால் அஞ்சு, 5.5 என்றால் ஏழரை, 7.5 என்றால் பத்து. இங்கே ஒரு குழப்பத்துக்கு இடம் உண்டு. 7.5 என்ற எண்ணைப் பார்த்து ஏழரை ஹெச்.பி. என்று எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

ஆர்.பி.எம். மாறினால் பிரேமும் மாறும்

ஒரே ஹெச்.பி.க்கு ஏன் இரண்டு சைஸ்? மோட்டாரின் உடம்பு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை ஹெச்.பி. தீர்மானிப்பதில்லை, முறுக்கு விசைதான் தீர்மானிக்கிறது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே அதே வேலையைச் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதிக விசையோடு திருக வேண்டும். அதற்கு அதிகச் செம்பும் அதிக இரும்புத் தகடும் வேண்டும். 1440-இல் 112எம்-க்குள் அடங்கும் அஞ்சு ஹெச்.பி., 960-இல் 132எம் கேட்பது இதனால்தான். மூன்று ஹெச்.பி.யும் அப்படியே: 2880-இல் 90எல், 1440-இல் 100எல், 960-இல் 112எம். மேலே சொன்ன மில்லில் நடந்தது இதுதான்.

சாமை உடைக்கிறவர்கள் இதை வெறும் போல்ட் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாமை உமி நீக்கும் மையவிலக்கு மெஷினில், சுழலும் தட்டு தானியத்தைச் சுவரில் வீசி அடிக்கிறது. அந்த அடியில்தான் உமி கழல்கிறது. 1440-க்குப் பதில் 960 மோட்டாரைப் பழைய புல்லியோடு போட்டால் தானியம் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில்தான் மோதும். மோதலின் வலுவோ பாதிக்கும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கமாகக் குறைகிறது. உமி கழலாத சாமை அப்படியே வெளியே வரும். மெஷின் கெட்டுவிட்டது என்று சல்லடையை மாற்றுவார்கள், தட்டை மாற்றுவார்கள். குற்றம் மோட்டாரில் இருக்கும். தலைகீழாக 2880 மோட்டாரைப் போட்டுவிட்டால் அரிசியெல்லாம் நொய்யாகும். அதைவிட மோசமானது, அந்த வேகத்துக்குச் செய்யப்படாத புல்லியோ அரைக்கும் கல்லோ சிதறும் ஆபத்து. அதை ஒருபோதும் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

ஆகவே வேகத்தைக் கணக்குப் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மோட்டார் வேகத்தை மோட்டார் புல்லியின் விட்டத்தால் பெருக்கி, மெஷின் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் மெஷினின் வேகம் வரும். 1440 மோட்டாரில் 4 இஞ்ச் புல்லி, மெஷினில் 8 இஞ்ச் புல்லி என்றால் மெஷின் 720 சுற்றும். மெஷின் செய்தவர் கொடுத்த காகிதத்திலோ மெஷின் உடம்பில் அடித்த தகட்டிலோ 720-ஐ ஒட்டிய எண் இருந்தால், பழைய மோட்டார் 1440தான் என்று அடித்துச் சொல்லலாம். நேம் பிளேட் உதிர்ந்துபோன மோட்டாருக்கு இந்த வழி மிகவும் உதவும். ஏனென்றால் பிரேமை அளந்தால் மோட்டாரின் பாதி அடையாளம்தான் கிடைக்கும். உயரம் 112, ஷாஃப்ட் 28 என்று அளந்துவிட்டீர்கள். அது 1440-இல் அஞ்சு ஹெச்.பி.யாகவும் இருக்கலாம், 960-இல் மூன்று ஹெச்.பி.யாகவும் இருக்கலாம். வேகம் தெரிந்த பிறகுதான் ஹெச்.பி. தெரியும்.

இறங்குவதற்கு முன் அளப்பது

பழைய மோட்டார் பேஸில் இருக்கும்போதே அளக்கலாம். இரும்பு ஸ்கேல் வேண்டும், தையல் டேப் வேண்டாம். ஷாஃப்டின் நடுமையத்தைக் கண்ணால் குறிப்பது கடினம். அதனால் பேஸ் தகட்டிலிருந்து ஷாஃப்டின் மேல்விளிம்பு வரை அளந்து, ஷாஃப்ட் தடிமனில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மேல்விளிம்பு 126, ஷாஃப்ட் 28 என்றால் 126-இல் 14 போக 112. காலுக்கு அடியில் யாராவது தகடு சொருகியிருந்தால் அந்தத் தகட்டின் கனத்தையும் கழிக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் 115 என்று எழுதிக்கொண்டு போனால் அப்படி ஒரு பிரேமே இல்லை என்று கடையில் முழிக்க வேண்டியிருக்கும். உங்கள் கணக்கில் வந்த எண் 80, 90, 100, 112, 132, 160 இவற்றில் ஒன்றோடு ஒட்டவில்லை என்றால் அளந்ததில் பிசகு, அல்லது மோட்டார் பழைய இஞ்ச் காலத்துச் சரக்கு.

ஷாஃப்ட் தடிமனுக்கு வெர்னியர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஷாஃப்டைச் சுற்றி நூல் கட்டி, அந்த நூலின் நீளத்தை 3.14-ஆல் வகுக்கலாம். 88 வந்தால் 28, ஏறக்குறைய 119 வந்தால் 38. இந்த அளவுகளுக்கு இடையே இடைவெளி நிறைய இருப்பதால் நூல் அளவே ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துக் காட்டிவிடும்.

துளைகளுக்கு நான் சொல்லும் வழி பழைய காகிதம். மோட்டாரைக் கழற்றிய பிறகு பேஸ் மேல் ஒரு நாளிதழை விரித்து, கிரீஸ் கையால் துளைகளின் மேல் அழுத்தித் தேய்த்தால் நான்கு வட்டமும் அப்படியே பதியும். கடையில் அந்தத் தாளைப் புது மோட்டாரின் காலுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் பேச்சே தேவையில்லை. ஈரத்தில் காகிதம் நீளும். அதனால் எண்களையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய புல்லியைக் கையோடு எடுத்துப் போங்கள். கனம் என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் இரண்டாம் முறை இறங்குகிறார்கள். புல்லியின் ஓட்டையைக் கடையிலேயே புது ஷாஃப்டில் பொருத்திப் பார்த்துவிடலாம். அங்கேயே தெரிந்தால் பக்கத்துத் தெரு லேத்தில் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். மலைமேல் வந்து தெரிந்தால் அது இன்னொரு நாள், இன்னொரு வண்டி வாடகை.

இன்னும் ஓர் அளவு உண்டு, அதை யாரும் எடுப்பதில்லை. ஷாஃப்ட் உடம்பை விட்டு வெளியே வரும் தோளிலிருந்து முன்பக்கத் துளையின் நடு வரை உள்ள தூரம். 112-இல் இது 70, 132-இல் 89. ஒரே பிரேம் வாங்கினால் இது தானாகச் சரியாக வரும். வேறு பிரேம் வாங்கினால் புல்லி முன்னோ பின்னோ தள்ளிப்போய் பெல்ட் கோணலாக ஓடும்.

எதையெல்லாம் தர நிர்ணயம் கட்டுப்படுத்தவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டாரின் மொத்த நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உடம்பின் சுற்றளவும் மாறும். ஒயர் கொடுக்கும் டெர்மினல் பாக்ஸ் சிலதில் தலைமேல் இருக்கும், சிலதில் பக்கவாட்டில். உங்கள் மோட்டார் சுவர் ஓரமாகவோ தகரத் தடுப்புக்குள்ளோ இருந்தால், பின்னால் பேன் கவருக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பேன் காற்றை உறிஞ்ச இடம் இல்லாமல் சுவரோடு ஒட்டிய மோட்டார் புதிதாக இருந்தாலும் சூட்டில் போகும்.

இஞ்சும் மில்லிமீட்டரும்

நம் பட்டறைகளில் இன்னும் இஞ்சும் நூலும்தான் பேச்சு. எட்டு நூல் ஒரு இஞ்ச். பழைய மெஷினோடு வந்த புல்லிகளின் ஓட்டையும் பெரும்பாலும் இஞ்சில் கடைந்ததுதான். மோட்டார் ஷாஃப்டோ மில்லிமீட்டர். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால்தான் தொல்லை.

முக்கால் இஞ்ச் என்பது 19.05 மில்லிமீட்டர், 19 ஷாஃப்டோடு ஏறக்குறைய ஒன்று. ஒன்றரை இஞ்ச் 38.1, 38 ஷாஃப்டுக்குக் கிட்டத்தட்ட சரி. ஆனால் ஒரு இஞ்ச் ஒரு நூல் என்பது 28.575. அதை 28 ஷாஃப்டில் போட்டால் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம். ஒரு இஞ்ச் புல்லியை 24 ஷாஃப்டில் போட்டால் 1.4 மில்லிமீட்டர். இந்த இடைவெளியில் தகரத்தைச் சுருட்டிச் செருகி, போல்ட்டை இறுக்கி ஓட்டுகிற வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். புல்லி நடு விலகிச் சுற்றும், அந்த ஆட்டம் பேரிங்கைத் தின்னும், கீ அறுந்து ஒரு நாள் புல்லி கழன்று பறக்கும். மில்லில் பக்கத்தில் நிற்பது மாவு அரைக்க வந்த பெண்களும் அவர்கள் கையைப் பிடித்த குழந்தைகளும். லேத்தில் ஒரு புஷ் கடைந்து போடுவதுதான் முறை.

கீயையும் பாருங்கள். 24, 28 ஷாஃப்டுகளுக்குக் கீயின் அகலம் 8, உயரம் 7. 38-க்கு அகலம் 10, உயரம் 8. புது மோட்டாரோடு கீ வரும். பழையதைப் போட்டு அடிக்க வேண்டாம். ஷாஃப்ட் புதிதாக இருக்கும்போது புல்லி இறுக்கமாகத்தான் ஏறும், அப்படித்தான் கடைந்திருப்பார்கள். சுத்தியால் அடித்து ஏற்றினால் அந்த அடி நேரே பேரிங்கின் குண்டுகளில் போய் விழும். அடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து உறுமல் கேட்கும். புல்லியைச் சற்றுச் சூடாக்கி, ஷாஃப்ட் முனையில் உள்ள மரைத் துளையில் போல்ட் போட்டு இழுத்து ஏற்றுங்கள்.

அமெரிக்க மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே நீமா என்ற வேறு வரிசை. அதிலும் 56 என்று ஒரு பிரேம் உண்டு. அங்கே இரண்டு இலக்க எண்ணைப் பதினாறால் வகுத்தால் உயரம் இஞ்சில் வரும். அப்படியானால் 56 என்பது மூன்றரை இஞ்ச், அதாவது கிட்டத்தட்ட 89 மில்லிமீட்டர். நம் வரிசையின் 56 வெறும் 56 மில்லிமீட்டர்தான். மூன்று இலக்க எண்ணாக இருந்தால் முதல் இரண்டு இலக்கத்தை நான்கால் வகுக்க வேண்டும். 143, 182 என்று நம் வரிசையில் இல்லாத எண் தெரிந்தாலே புரிந்துகொள்ளுங்கள். அந்த மோட்டார்கள் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தவை என்பதும் நினைவிருக்கட்டும். நம் 50 ஹெர்ட்ஸில் அவை ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும்.

பிரேம் மாறித்தான் ஆக வேண்டும் என்றால்

சில சமயம் அதே பிரேம் கிடைக்காது. அல்லது மூன்று ஹெச்.பி. போதாமல் அஞ்சுக்கு மாறுகிறீர்கள். அந்த மாற்றம் மற்றவற்றைவிட எளிது, ஏனென்றால் 100எல்-லும் 112எம்-மும் ஷாஃப்டில் ஒன்றே: 28, 60. பழைய புல்லி அப்படியே ஏறும். முன்பின் துளை தூரமும் இரண்டிலும் 140. குறுக்கே மட்டும் 160-லிருந்து 190 ஆகும், உயரம் 12 மில்லிமீட்டர் கூடும். அஞ்சிலிருந்து ஏழரைக்குப் போவது அப்படி அல்ல. ஷாஃப்ட் 38-க்குத் தாவும், புல்லியைப் புதிதாகக் கடைய வேண்டும், ஸ்டார்ட்டரும் ஒயரும் மாற வேண்டும், மின்வாரியத்தில் அனுமதித்த லோடும் போதுமா என்று பார்க்க வேண்டும்.

பெல்ட்டில் ஓடும் மெஷினாக இருந்தால் உயர வித்தியாசம் பெரிய பிரச்சினை இல்லை. பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத் தகடு ஒன்றைப் பழைய பேஸ் மேல் இறுக்கி, அதில் புதிய துளை போட்டு மோட்டாரை வைக்கலாம். ஒரு பக்கம் நகர்த்தி பெல்ட் இறுக்க நீள்துளை விடுங்கள். கப்ளிங்கில் நேரடியாக இணைத்த மெஷினாக இருந்தால் கதை வேறு. அங்கே இரண்டு ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மோட்டார் தாழ்ந்திருந்தால் தகடு சொருகி உயர்த்தலாம். உயர்ந்திருந்தால் அதைத் தாழ்த்த வழியில்லை, மெஷினைத்தான் தூக்க வேண்டும். இதை யோசித்துத்தான் தர நிர்ணயம் செய்தவர்கள் உயரத்தில் விடும் பிசகை ஒரே பக்கமாக வைத்தார்கள். 112 என்று எழுதிய மோட்டார் 111.5 வரை குறையலாம், 112-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே அதே பிரேம் வாங்கினால் மெல்லிய தகடு ஒன்றோ இரண்டோ சொருகி எப்போதும் சரிப்படுத்திவிட முடியும்.

கால் இல்லாமல் முகத்தில் வட்டத் தட்டு வைத்த பிளேஞ்ச் மோட்டார்களில் ஒரு கண்ணி உண்டு. 80-க்கும் 90-க்கும் பிளேஞ்ச் ஒன்றே. போல்ட் வட்டத்தின் விட்டம் இரண்டிலும் 165. போல்ட் சேருகிறதே என்று வாங்கிவிடுவார்கள். 80-இன் ஷாஃப்ட் 19, 90-இன் ஷாஃப்ட் 24. கியர்பாக்ஸ் ஓட்டைக்குள் அது போகாது.

சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு மேலே சொன்ன ஹெச்.பி. கணக்கை நம்ப வேண்டாம். ஒரே ஹெச்.பி.க்குச் சிங்கிள் பேஸ் பெரும்பாலும் பெரிய உடம்பு கேட்கும். உயரம், துளை, ஷாஃப்ட் ஆகியவற்றை அளந்தே வாங்குங்கள். கிணற்று மோனோபிளாக், போர்வெல் நீர்மூழ்கி இரண்டுக்கும் இந்த அத்தியாயம் பொருந்தாது. மோனோபிளாக்கில் பம்பும் மோட்டாரும் ஒரே ஷாஃப்ட், நீர்மூழ்கிக்கு அளவு போர் துளையின் விட்டம்.

மலைக்கு என்று தனி மோட்டார் வேண்டுமா?

மேலே காற்று மெல்லிசு, அதனால் ஒரு சைஸ் பெரிய மோட்டார் வாங்குங்கள் என்று கடைகளில் சொல்வதுண்டு. பேச்சில் உண்மை இருக்கிறது, ஆனால் நம் மலைக்கு அது பொருந்தாது. மோட்டார் தன் சூட்டைக் காற்றில்தான் விடுகிறது. காற்று மெலிந்தால் சூடு இறங்காது. ஆனால் நேம் பிளேட்டில் எழுதிய ஹெச்.பி.யே கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரம் வரை, 40 டிகிரி வெப்பம் வரை தாங்கும் என்ற கணக்கில்தான் எழுதப்படுகிறது. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் இடம் 725 மீட்டர். ஜவ்வாது மலையில் மில் வைத்திருக்கும் பெரும்பாலான ஊர்கள் அந்த 1000-க்குக் கீழேதான். ஊட்டியில் வைப்பவர்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும், அது இரண்டாயிரத்துக்கு மேல்.

இங்கே மோட்டாரைக் கொல்வது பெரும்பாலும் வோல்டேஜ். நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் ஊர்களில் மாலையில் விளக்கு மங்குவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் முறுக்கு விசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே வேலையைச் செய்ய அதிகக் கரண்ட் இழுக்கிறது, காயில் வேகிறது. இதற்கு மருந்தாகப் பெரிய மோட்டார் வாங்கினால், அது கிளம்பும்போது இன்னும் அதிகமாக இழுத்து லைனை இன்னும் தாழ்த்தும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று பேஸிலும் வோல்டேஜ் அளந்து பாருங்கள். 415-க்கு மிகக் குறைவாக இருந்தால் மோட்டார் கடைக்குப் போவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்துக்குப் போங்கள். எரிந்த மோட்டாரின் உடம்பு நன்றாக இருந்தால், நம்பிக்கையான ஆளிடம் காயில் கட்டி எடுப்பதற்கு நான் எதிரி அல்ல. அதில் பிரேம் பிரச்சினையே வராது.

புது மோட்டார் வந்ததும் பெல்ட் மாட்டாமல் ஒரு நிமிடம் ஓட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் த்ரீ பேஸில் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும். பிறகு பெல்ட் மாட்டி, இரண்டு புல்லியின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்துக் காலின் போல்ட்டுகளை இறுக்குங்கள். முதல் நாள் அரைத்து முடித்ததும், மெயினை அணைத்துவிட்டு, பெல்ட்டையும் நான்கு போல்ட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். புது பெல்ட் முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் நீளும். நேம் பிளேட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பிரேம் எண்ணையும் ஆர்.பி.எம்.மையும் மெஷினின் உடம்பில் பெயிண்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.